நின்றுபோன டிஎக்ஸ் கியூ: நாட்குறிப்பு

மார்ச் 3

சொந்தமாக எழுதிய விர்ட்ஐஓ (விஎம்மும் ஹோஸ்டும் தரவு பரிமாறும் முறை) நெட்வொர்க் டிரைவர், கியூஎமு என்ற எமுலேட்டர் மேல் ஓடும் விஎம் (மெய்நிகர் கணினி). நொடிக்கு 100 பிங் வைத்தால் பதினோரு நிமிடம் ஒழுங்காகப் போகிறது, பிறகு வெளியே போகும் பாக்கெட் நின்றுவிடுகிறது. ஏஆர்பி கேள்விகள் (‘இந்த ஐபி யாருடையது?’) விஎம்முக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. ஹோஸ்டில், விஎம்மின் பாக்கெட் வெளிவரும் டேப் இன்டர்ஃபேஸில், பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்தால் பதில் ஒன்றுகூட இல்லை. ஆர்எக்ஸ் (உள்ளே வருவது) நலம், டிஎக்ஸ் (வெளியே போவது) மட்டும் செத்துக் கிடக்கிறது.

இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும். செய்யக் கூடாது. ரீசெட் ஆனதும் ரிங்கில் (டிரைவரும் ஹோஸ்டும் பகிரும் சுற்று வரிசை) உள்ள எண்கள் பூஜ்யமாகி, தடயம் போய்விடும்.

விஹோஸ்டை (கியூஎமுவுக்குப் பதில் ஹோஸ்ட் கெர்னலே பாக்கெட்டைக் கையாளும் வழி) அணைத்துவிட்டு ஓட்டினாலும் அதே கோளாறு. இரண்டு தனித்தனி நிரல்கள் ஒரே இடத்தில் தப்பு செய்வது அபூர்வம். சந்தேகம் டிரைவர் மேல்தான்.

மார்ச் 4

கியூ நின்றால் வேறு எதையும் தொடுமுன் நான்கு 16-பிட் எண்களைப் படிக்க வேண்டும். ரிங்குகளின் பிசிக்கல் முகவரியை டிரைவர் தொடக்கத்திலேயே லாகில் எழுதிவிடுகிறது; அதை வைத்து கியூஎமு மானிட்டரில் நினைவகத்தை வாசிக்கலாம். அவெயில் இண்டெக்ஸ் (டிரைவர் இதுவரை வைத்த பாக்கெட்டின் எண்ணிக்கை), அவெயில் ரிங்கின் தொடக்கத்திலிருந்து 2 பைட் தள்ளி. யூஸ்டு இண்டெக்ஸும் (ஹோஸ்ட் முடித்தவற்றின் எண்ணிக்கை) அதன் ரிங்கில் அப்படியே. அவெயில் ஈவண்ட்டை (எந்த எண்ணைத் தாண்டினால் தன்னைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று ஹோஸ்ட் எழுதிவைப்பது) பெயரை நம்பி அவெயில் ரிங்கில் தேடினால் கிடைக்காது. அது இருப்பது யூஸ்டு ரிங்கின் வாலில்: 256 இடமுள்ள கியூவுக்கு 4 + 256×8, அதாவது 2052 பைட் தள்ளி. (இந்தப் பெயரை வைத்தவர்களை என்ன சொல்ல!) நான்காவது எண், டிரைவர் தன் கையில் வைத்திருக்கும் ‘கடைசியாகப் பார்த்த யூஸ்டு’.

கிடைத்தவை: அவெயில் 127, யூஸ்டு 65535, அவெயில் ஈவண்ட் 65535, கடைசி யூஸ்டு 65535.

யூஸ்டும் கடைசி யூஸ்டும் வேறுபட்டால் இன்டரப்ட் தொலைந்திருக்கும். எல்லாமே சமமாக இருந்தும் கியூ நின்றிருந்தால், நிறுத்திய கியூவைத் திரும்ப எழுப்ப டிரைவர் மறந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. 16-பிட் எண் 65535-க்குப் பின் 0 ஆகும்; அப்படிச் சுற்றிவந்து 127 என்றால் 128 பாக்கெட் காத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 12 பைட் ஹெடருக்கு ஒரு டிஸ்கிரிப்டர் (துண்டு நினைவகத்தில் எங்கே என்று சொல்லும் பதிவு), டேட்டாவுக்கு ஒன்று, 256-ம் தீர்ந்துவிட்டது. ஹோஸ்டோ தூங்குகிறது. டிரைவர் தட்டி எழுப்பவில்லை.

உறுதிப்படுத்த, நோட்டிஃபை முகவரியில் (எழுதினால் ஹோஸ்ட் விழிக்கும் இடம்) டிஎக்ஸ் கியூவின் எண் 1-ஐக் கையால் எழுதியதும் 128 பாக்கெட்டும் ஒரே மூச்சில் டேப்பில் வந்து கொட்டின.

மார்ச் 5

டிரைவரில் இருந்த நிபந்தனை: புது இண்டெக்ஸ் அவெயில் ஈவண்ட்டைவிடப் பெரியதாக இருந்தால் தட்டு. 65536-வது பாக்கெட்டில் புது இண்டெக்ஸ் 0 ஆகிறது. 0 எப்படி 65535-ஐவிடப் பெரிதாகும்? நொடிக்கு 100 வீதம் 65536 பாக்கெட்டுக்கு 655 நொடி. பதினோரு நிமிடக் கணக்கு சரியாக உட்காருகிறது.

லோடு அதிகமானால் சிலசமயம் இந்த இடத்தைத் தாண்டிவிடுவதற்கும் இதுவே விளக்கம். ஹோஸ்ட் ஏற்கெனவே விழித்திருந்து ரிங்கைக் காலி செய்துகொண்டிருந்தால் யாரும் தட்டத் தேவையில்லை.

சரியான சோதனை, கழித்தல் எல்லாம் 16-பிட்டில்: (புது − ஈவண்ட் − 1) < (புது − பழைய). 0, 65535, 65535 போட்டால் 0 < 1. தட்டும்.

மார்ச் 7

திருத்தம் போட்டபின் பிங் ராத்திரி முழுக்க ஓடியது. ஆனால் முழு லோடில் சில மணி நேரத்தில் மறுபடி நின்றது. அவெயில் 19633, யூஸ்டு 19505, ஈவண்ட் 19505. அதே 128, ஆனால் சுற்றுமிடம் பக்கத்திலேயே இல்லை. பழைய தப்பு இந்தப் புதுத் தப்பை இத்தனை நாள் மூடிவைத்திருந்தது. ஒரு தட்டு தவறினாலும் பழைய நிபந்தனை அடுத்த பாக்கெட்டிலேயே தட்டிவிடும் (19507 > 19505). புது நிபந்தனையில் 19507 − 19505 − 1 = 1, அது 1-ஐவிடச் சிறியதில்லை. ஒருமுறை தவறினால் தவறியதுதான்.

மார்ச் 8

டிரைவர் செய்வது: அவெயில் இண்டெக்ஸை எழுது, ஈவண்ட்டைப் படி. ஹோஸ்ட் தூங்குமுன் செய்வது இதன் கண்ணாடி பிம்பம்: ஈவண்ட்டை எழுது, இண்டெக்ஸை மறுபடி படி. டிரைவர் எழுதியது சிபியுவின் ஸ்டோர் பஃபரிலேயே (எழுத்து வெளியே தெரியுமுன் காத்திருக்கும் இடம்) தங்கியிருக்க, அடுத்த படிப்பு முந்திக்கொண்டால், டிரைவர் பார்ப்பது பழைய ஈவண்ட், ஹோஸ்ட் பார்ப்பது பழைய இண்டெக்ஸ். எக்ஸ்86 சிபியு மற்ற வரிசைகளைக் காப்பாற்றும், எழுத்துக்குப் பின் வரும் படிப்பை மட்டும் காப்பாற்றாது. வோலட்டைல் போட்டிருந்தோம்; அது கம்பைலரோடு நிற்கும், சிபியுவுக்குக் கேட்காது.

எழுத்துக்கும் படிப்புக்கும் நடுவில் ஒரு எம்ஃபென்ஸ் (படிப்பு எழுத்தை முந்தாமல் தடுக்கும் கட்டளை), அவ்வளவுதான் திருத்தம். ஆர்ம் சிபியுவில் அதே வேலைக்கு டிஎம்பி வேண்டும். அங்கே டிஸ்கிரிப்டர்களை நிரப்பியபின் இண்டெக்ஸை எழுதுமுன்னும் இன்னொன்று போட வேண்டும்.

ஈவண்ட் இண்டெக்ஸ் வசதியை (அவெயில் ஈவண்ட்டைப் பார்த்துத் தட்டும் முறை) கியூஎமுவில் அணைத்தாலும் நிற்காது என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம். அப்போதும் தட்டு தவறும். அடுத்த பாக்கெட் வரும்வரை தாமதமாகி, கோளாறு கண்ணுக்குப் படாமல் போகும்.

மார்ச் 11

எம்ஃபென்ஸை எடுத்துவிட்டு, கியூஎமுவின் எல்லாத் த்ரெட்டையும் ஒரே கோரில் கட்டி ஓட்டினால் நிற்கவே இல்லை. தனித்தனி கோர்களில் விட்டால் மதியத்துக்குள் நிற்கிறது. எம்ஃபென்ஸோடு மூன்று நாளாக, தனித்தனி கோர்களில், முழு லோடில் ஓடுகிறது. யூஸ்டும் அவெயிலும் 2 நொடிக்கு மேல் விலகியே இருந்தால் நான்கு எண்களையும் லாகில் எழுதும் டைமர் டிரைவரிலேயே இருக்கட்டும். அது எழுத மட்டும் செய்யும், தட்டாது.