எஞ்சின் இல்லாத விமானமும் எனக்கொரு ஓட்டும்

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் சில மாதங்களிலேயே என்னிடம் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. “அக்கா, ஆபீஸுக்கு வெளியே இந்த ஊர் ஆளுங்களோட எப்படிப் பழகுறது?” வேலை கிடைத்துவிடுகிறது. அலைந்து திரிந்து வீடும் கிடைத்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் தெரியும். கடைகள் மூடியிருக்கும், தெரு வெறிச்சென்று கிடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஏதாவது ஒரு ஃபெரைனில், அதாவது சங்கத்தில், சேருங்கள். பாட்டு, செஸ், தேனீ வளர்ப்பு, எதுவானாலும் சரி. ஏழு பேர் சேர்ந்தால் இங்கே ஒரு சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். ஊருக்கு ஊர் சங்கம் இருக்கிறது, மனிதர்கள் மனம்விட்டுப் பழகுவதும் அங்கேதான். எனக்கு வாய்த்தது கிளைடர் கிளப், எஞ்சின் இல்லாமல் காற்றில் பறக்கும் விமானங்களின் சங்கம்.

ஷ்டுட்கார்ட்டுக்குத் தென்கிழக்கே, கிர்ஹைம் உன்டர் டெக் பக்கம் நான் குடியிருக்கிறேன். ஷ்வேபிஷ் ஆல்ப் மலைத்தொடர் இங்கே சுவர் எழுப்பியதுபோல் நிமிர்ந்து நிற்கும். அதில் மோதும் காற்று மேலே ஏறுகிறது. அந்தக் காற்றைப் பிடித்துத்தான் கோடைக்கால சனி, ஞாயிறுகளில் வெள்ளை இறக்கைகள் டெக் கோட்டைக்கு மேலே சத்தமில்லாமல் வட்டமிடும். பணக்காரர்களின் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு, 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் எஞ்சின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. பறக்கும் ஆசை கொண்ட இளைஞர்கள் எஞ்சினை விட்டுவிட்டுக் காற்றை நம்பினார்கள். 1920இல் வாஸர்குப்பே மலையில் முதல் கிளைடர் போட்டி நடந்தது. 1945க்குப் பிறகு மறுபடியும் தடை, 1951இல் மறுபடியும் அனுமதி. காசு இல்லாதவர்கள் கூடிக் கட்டிய கலை இது. இன்றைக்கும் கிளப்புகள் அந்த வழியில்தான் நடக்கின்றன.

எங்கள் கிளப்பில் பயிற்சிக்கு ஏஎஸ்கே 21 என்ற இரண்டு இருக்கை கிளைடர் உண்டு. 17 மீட்டர் இறக்கை. காற்று அசையாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 34 கிலோமீட்டர் வரை சறுக்கிப் போகும். ஒற்றை இருக்கை விமானங்கள் சில இருக்கின்றன, அதில் ஒன்று பழைய கா 8. அப்புறம் விமானங்களை நிறுத்தும் ஹாங்கர், நீளக் கயிற்றை வேகமாகச் சுருட்டி விமானத்தை மேலே இழுத்துவிடும் வின்ச் எந்திரம், அந்தக் கயிற்றை இழுத்துவர ஓர் ஓட்டைக் கார். இதில் எதுவும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. சேரும்போது ஒரு தொகை, பிறகு மாதச் சந்தா, ஒவ்வொரு வின்ச் இழுப்புக்கும் சில யூரோ, பறந்த நேரத்துக்கு ஒரு கணக்கு. கட்டணம் கிளப்புக்குக் கிளப் மாறும். பயிற்றுநர்கள் ஒரு காசு வாங்குவதில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களில் ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இன்னொருவர் விவசாயி. அவர்களுக்கும் யாரோ ஒருவர் இப்படித்தான் சும்மா கற்றுக்கொடுத்தார்.

மீதிக் கட்டணம் உழைப்பு. ஒவ்வோர் உறுப்பினரும் வருடத்துக்கு இத்தனை மணிநேரம் வேலை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. செய்யாத நேரத்துக்குப் பணம் கட்டித் தப்பிக்கலாம். ஆனால் அப்படிக் கட்டுகிறவர்களை யாருக்கும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை, எனக்கும்தான்.

காலையில் எல்லோரும் சேர்ந்து விமானங்களை வெளியே தள்ளுவோம். இறக்கை மேல் இறக்கை இடிக்காமல் அடுக்கி வைத்திருப்பதால், எது முதலில் வர வேண்டும் என்று வரிசை உண்டு. மைதானத்தின் மறுகோடியில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி, வின்ச் நிற்கும். கார் கயிற்றை இழுத்து வரும். ஒருவர் கொக்கியை மாட்டுவார். இன்னொருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொள்வார். மேசையருகே இருப்பவர் யார் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று எழுதுவார். கயிறு விறைத்ததும் “ஸைல் ஷ்டிராஃப்” என்று குரல் போகும். நாலு எட்டு ஓடி இறக்கையை விடுவதற்குள் விமானம் மூக்கைத் தூக்கிவிடும். சில நொடிகளில் நூறு கிலோமீட்டர் வேகம், ஒரு நிமிடத்துக்குள் சுமார் 400 மீட்டர் உயரம். மேலே ஏறும் காற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் தரைக்கு வந்தாக வேண்டும்.

அந்த ஐந்தாறு நிமிடத்துக்காக நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகக் கயிறு மாட்டுகிறோம். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆனால் எனக்கு இந்த நாட்டில் ஆட்களைப் பழக்கியது அந்தக் காத்திருப்புதான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசாமல் எத்தனை மணிநேரம் இருக்க முடியும்? வகுப்பில் படித்த ஜெர்மன் அங்கே பாதி உதவியது. மீதி, இந்த வட்டாரத்து ஷ்வேபிஷ் பேச்சு எல்லாம் அந்தப் புல்வெளியில் காதில் விழுந்து தானாக வந்தது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து அம்மாவின் கவலை வேறு. “எஞ்சினே இல்லாம எப்படி சாமி பறக்கும்? நடுவுல நின்னுபோச்சுன்னா?” நிற்பதற்கு அதில் ஒன்றுமில்லை அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு ஒருநாள் பருந்தைக் காட்டிச் சொன்னதும்தான் கொஞ்சம் சமாதானமானார். உண்மையிலேயே நாங்கள் பருந்தைப் பார்த்துத்தான் போகிறோம். பிளந்த வாலுள்ள செம்பழுப்புப் பருந்து இங்கே நிறைய. உலகில் உள்ளவற்றில் பாதியளவு ஜெர்மனியில்தான் கூடு கட்டுகின்றன. ஒருநாள் பின்னிருக்கையிலிருந்து ஆசிரியை “அது போகிற பக்கம் போ” என்றார். பருந்து இறக்கையை அடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் சாய்த்துத் திருப்பி அதே வட்டத்துக்குள் போனேன். இருக்கை அடியிலிருந்து யாரோ மேலே தள்ளுவதுபோல் ஓர் அழுத்தம், உடனே ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லும் வேரியோமீட்டர் கருவி கீச்சுக் குரலில் கூவ ஆரம்பித்தது. பருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

விமானத்தைப் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவன் 15 வயதுப் பையன். இங்கே 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம், 16இல் உரிமம். அவன் தனியாகப் போய் இறங்கியபோது சக்கரம் கொஞ்சம் பலமாகத் தட்டியது. தூரத்திலிருந்த எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அவனே நேராக நடந்து வந்து, “நான் பலமாக இறக்கிவிட்டேன், பார்க்க வேண்டும்” என்றான். அவ்வளவுதான், அந்த விமானம் அன்றைக்கு நிறுத்தப்பட்டது. வரிசையில் இருந்த ஐந்தாறு பேருக்கு, என்னையும் சேர்த்து, நாள் போய்விட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பயிற்றுநர் அவனிடம் கை கொடுத்து நன்றி சொன்னார், எல்லோரும் கேட்கும்படி. அதன்பிறகு சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். அடுத்து அதில் ஏறப்போகிறவரின் உயிர் அந்தப் பையனின் வாய்ச்சொல்லில் இருந்தது. தப்பைச் சொன்னால் உதை விழும் என்று வளர்க்கிற இடத்தில் இப்படி ஒரு கிளப்பை ஒரு மாதம்கூட நடத்த முடியாது.

உரிமத்துக்குக் குறைந்தது 15 மணிநேரப் பயிற்சி, அதில் 10 மணிநேரம் பயிற்றுநரோடு, 45 முறை ஏறி இறங்க வேண்டும். மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டு. படிப்பவர்களுக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. முதல்முறை தனியாகப் பறந்து இறங்கியவருக்கு ஒரு சடங்கு இருக்கிறது. முட்செடிகளைக் கொத்தாகக் கட்டிக் கையில் கொடுப்பார்கள், அப்புறம் மைதானத்தில் இருக்கும் எல்லோரும் வரிசையாக வந்து பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டுவார்கள். காற்று மேலே தள்ளுவதை அந்த இடம் இனி நன்றாக உணர வேண்டுமாம்! வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முள் குத்தக் குத்த அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் கோபி வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

குளிர்காலத்தில் விமானங்களைக் கழற்றிப் பட்டறைக்குள் கொண்டுவருவோம். இறக்கையைப் பிரித்து, போல்ட்டுகளைத் துடைத்து, கிரீஸ் போட்டு, ஆண்டுப் பரிசோதனைக்குத் தயார்செய்வோம். அங்கேதான் ஒரு பழைய தச்சரிடம் நான் வேலை கற்றேன். எண்பதை நெருங்கும் வயது. உள்ளங்கையை இறக்கையின் முன்விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். கீறல் இருந்தால் கை நின்றுவிடும். நான் தேய்த்த இடத்தில் அவர் கை ஒருமுறை நிற்காமல் கடந்து போனது. ஒன்றும் சொல்லவில்லை. திட்டாவிட்டால் அதுவே பாராட்டு என்று இந்த வட்டாரத்து ஷ்வாபியர்களிடம் ஒரு பழமொழி உண்டு.

அந்தக் கா 8 அவர் கையில் வளர்ந்த விமானம். 1957இல் முதலில் பறந்த வகை. எஃகுக் குழாய் உடம்பு, மர இறக்கை, மேலே துணி. எங்கள் விமானத்தின் துணி நைந்துவிட்டது, புதிதாகப் போர்த்த வேண்டும். விற்றுவிடலாமா என்பது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் விவாதத்துக்கு வந்தது. பொருளாளர் கணக்கு வாசித்தார். இளைஞர்கள் பலர் விற்றுவிட்டு நவீன விமானம் வாங்கலாம் என்றார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நான் எழுந்து, இது லேசான விமானம், மெதுவாகப் பறக்கும், என்னைப் போன்ற புதியவர்களுக்கு இதைவிடப் பொறுமையான விமானம் கிடையாது, துணி போர்த்த என் குளிர்காலச் சனிக்கிழமைகளைத் தருகிறேன் என்று சொன்னேன். வாக்கெடுப்பு நடந்தது. செயலாளர் பென்சிலை நீட்டிக்கொண்டே ஒவ்வொரு கையாக எண்ணி வந்தார். என் கைக்கு நேராகவும் பென்சில் வந்து, ஒரு எண் சொல்லி, அடுத்த கைக்குப் போனது.

ஐரோப்பிய ஒன்றிய நாடு எதிலும் குடியுரிமை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. கோபியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, நேரில் போனால்தான் போட முடியும். வரி கட்டுகிறேன், காப்பீடு கட்டுகிறேன். அந்த அறையில்தான் ஒரு முடிவு என் கையையும் எண்ணி எடுக்கப்பட்டது. கா 8 விற்கப்படவில்லை. கூட்டக் குறிப்பில் துணி போர்த்தும் வேலைக்குப் பொறுப்பு என்று தச்சர் பெயருக்கு அடுத்து என் பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழையோடு.

சேர நினைப்பவர்கள் மதியம் போய் வேலி ஓரம் நிற்காதீர்கள். அந்நேரம் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். காலையில் ஹாங்கர் கதவு திறக்கும்போது போய், என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். தொப்பி, தண்ணீர், புல்லில் ஓடத் தோதான காலணி போதும். வெட்டவெளியில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். சாயங்காலம் விமானங்களைக் கழுவித் துடைத்து உள்ளே வைக்கும்வரை இருங்கள். அடுத்த வாரம் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.