ஃபென்சிங் தோற்றால் உறுதி சொல்வது யார்?

"ஒய் அடிச்சிடட்டுமா சார்?" என்று நைட் ஷிஃப்ட் தம்பி போனில் கேட்டார். "வேணாம், முதல்ல அந்த ரூமுக்குப் போய் ரெண்டு பவர் கார்டையும் உருவுங்க" என்றேன். அது சரியா என்று இன்னும் தீரவில்லை.

ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கிளஸ்டர் எங்களுடையது. அதில் இரண்டே நோடு (சர்வர்), தனித்தனிக் கட்டடத்தில். பொதுவில் ஒரு ஃபைபர் சேனல் ஸ்டோரேஜ், அதில் எக்ஸ்எஃப்எஸ் வால்யூம் (ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டுமே திறக்க வேண்டிய ஃபைல் சிஸ்டம்), அதன்மேல் டேட்டாபேஸ். முதல் நோடின் ஹார்ட்பீட், அதாவது உயிரோடிருக்கிறேன் என்ற சிக்னல், நின்றது. இரண்டாவது நோடு அதை ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்து அணைக்கும் வசதி) வழியாக அணைக்கப் பார்த்தது, பதில் இல்லை. இப்படி அணைப்பதுதான் ஃபென்சிங், ஸ்டோனித் என்றும் சொல்வார்கள். அணைந்தது உறுதியாகாமல், கிளஸ்டரை நடத்தும் மென்பொருளான பேஸ்மேக்கர் எதையும் நகர்த்தாது. ஆக நல்ல நோடு சும்மா நின்றது, டேட்டாபேஸ் இல்லாமல் லோடிங் கேட்டில் லாரிகளும் நின்றன. 'பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம்' கட்டளை கொடுத்து, உறுதியா என்ற கேள்விக்கு ஒய் அடித்தால், அந்த நோடு செத்துவிட்டதாகவே கிளஸ்டர் எடுத்துக்கொள்ளும். சரிபார்க்காது.

"அந்த ரூம்ல லைட்டே எரியல சார், பிஎம்சியும் பேசல." சிப்காட் பக்கம் மழைக்காற்றில் ஈபி போவது புதிதில்லை. லைட் ஈபி லைனில், சர்வர் யூபிஎஸ்ஸில். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. பிஎம்சி என்பது ஐபிஎம்ஐ கட்டளையை வாங்கும், சர்வருக்குள்ளிருக்கும் சின்ன சிப். அதற்குக் கரண்ட் சர்வரின் பவர் சப்ளையிலிருந்தேதான் வருகிறது, அதனால் மொத்தமாகக் கரண்ட் போனால் அதுவும் ஊமையாகும். ஆனால் ஹார்ட்பீட், பிஎம்சி, ஆபீஸ் லேன் மூன்றும் அந்த அறையில் ஒரே ஸ்விட்சில் இருந்தன. ஸ்விட்ச் மட்டும் போயிருந்தாலும் வெளியே இதே அறிகுறிதான். நோடு உயிரோடு ஃபைபர் வழியாக டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். அப்போது எக்ஸ்எஃப்எஸ்ஸை இரண்டாவது நோடும் மவுண்ட் செய்தால் ஃபைல் சிஸ்டமே சிதையும். பேக்கப்தான் கதி.

எஃப்சி (ஃபைபர் சேனல்) ஸ்விட்சில் அந்த நோடின் போர்ட்டுகளை மூடி, டிஸ்கில் எழுத முடியாமல் செய்திருந்தாலே போதும். அதன் பாஸ்வேர்டு ஏஎம்சிக்காரரிடம் மட்டும் இருந்தது.

தம்பி தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்தார். சர்வர் செத்தேதான் இருந்தது. இரண்டு பவர் சப்ளை, இரண்டு கார்டுமே ஒரே யூபிஎஸ்ஸில், அது ட்ரிப் ஆகியிருந்தது. 2011 தானே புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. யூபிஎஸ் வாங்கத் தயங்குபவர் குறைவு. எந்தக் கார்டு எதில் போகிறது என்று பார்ப்பவர்தான் இல்லை.

நோடு செத்ததாகத் தம்பி நினைத்தது சரி, அதற்கு அவர் காட்டிய காரணம் போதாதது. லாரிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு எதற்கு? எனக்கே சில நாள் அது சப்பைக்கட்டாகத் தோன்றுகிறது.

நோடுகள் பிரிந்தால் பெரும்பான்மை சொல்ல, மூன்றாவது ஓட்டுக்கு கோரம் டிவைஸ் வைத்தால் தீரும் என்றார்கள். எந்த நோடு பொறுப்பேற்பது என்பதை அது தீர்க்கும். மற்ற நோடு செத்ததா என்பதைத் தீர்க்காது. அதற்குத் தோதானது எஸ்பிடி, பொது ஸ்டோரேஜ் வழியாகவே ஃபென்சிங் செய்யும் முறை. ஸ்டோரேஜில் ஒரு சின்ன லன் (தனி டிஸ்க் பகுதி), ஒவ்வொரு நோடிலும் ஹார்ட்வேர் வாட்ச்டாக் (தொடர்ந்து தட்டிக்கொடுக்காவிட்டால் சர்வரை ரீசெட் செய்யும் டைமர்). உயிரோடுள்ள நோடு லன்னில் சாவுச் செய்தி எழுதும்; மற்றது அதைப் படித்தால் ரீசெட் ஆகும், லன்னையும் படிக்க முடியாமல் கிளஸ்டரோடும் தொடர்பு போனால் வாட்ச்டாக் கொல்லும். கரண்ட் போன நோடானாலும் எழுதியவர் காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். அந்தக் காத்திருப்பு வாட்ச்டாக் நேரத்தைப்போல் இரு மடங்காவது வேண்டும்: 5 விநாடிக்கு 10. ஸ்டோனித் டைம்அவுட் அதற்கும் மேலே.

பிடியூ (தூரத்திலிருந்து அணைக்கக்கூடிய பவர் ஸ்ட்ரிப்) வழியாக ஃபென்சிங் வைப்பவர்கள் இரண்டு அவுட்லெட்டையும் அணைத்த பிறகே ஒன்றையாவது போட வேண்டும். ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் போட்டால் சர்வர் ஒரு நொடிகூட அணையாது, ஃபென்சிங் வெற்றி என்று லாகில் மட்டும் வரும்.

எஸ்பிடி இப்போது ஓடுகிறது, கார்டுகளையும் பிரித்தாயிற்று. கையால் ஒய் அடிக்கும் வழிமுறையை அவசரகாலக் குறிப்பேடான ரன்புக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார் தம்பி. ஸ்டோரேஜ் வரை போய்விட்டால் எஸ்பிடியும் உதவாது, அந்த வழிமுறை இருக்கட்டும் என்கிறேன், 'இரண்டு கார்டும் உருவியதைக் கண்ணால் பார்த்த பிறகு' என்ற வரியோடு. அந்த அறைச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.