சுவர்ப் பேனலுக்குப் பாடம்

ஜூன் 2

கல்லூரி திறப்பதற்குள் கருத்தரங்குக் கூடத்துப் பேனலை முடித்தாக வேண்டும். புரொஜெக்டர், பழைய ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஏசி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி ரிமோட். விழா அன்று பார்த்து ஒன்றாவது யார் பையிலாவது வீட்டுக்குப் போயிருக்கும். இனி சுவரில் எட்டு பட்டன் பேனல்தான். ரிமோட்டுகள் அனுப்பும் ஐஆர் குறிகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக் குறிகளை, பதிந்துகொண்டு அவற்றுக்குப் பதிலாக இதுவே அனுப்பும். எலக்ட்ரீஷியன் அண்ணன் கேசிங் அடித்து ஒவ்வொரு கருவிக்கும் மெல்லிய ஒயர் இழுத்துவிட்டார். நுனியில் பயறு அளவுக்கு ஓர் எல்இடி. அதைக் கருவியின் சென்சார் மேல் ஒட்டினால் முடிந்தது.

ஜூன் 3

புரொஜெக்டர். லேப்டாப்பில் பட்டனைத் தேர்ந்தெடுத்து, பேனலின் கண்ணுக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னால் ரிமோட்டைப் பிடித்து ஒரே ஒரு தட்டு. அழுத்திப் பிடிக்கக் கூடாது. இது என்இசி என்ற குறியீட்டு முறையில் பேசும் ரிமோட்: 9 மில்லிசெகண்ட் ஒளி, 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, அப்புறம் 32 பிட், அதாவது 0, 1 என்ற குறிகள். முழுச் செய்தியை ஒருமுறைதான் சொல்லும். விரலை எடுக்காவிட்டால் பின்னால் வருவதெல்லாம் ‘அதேதான், அதேதான்’ என்கிற குட்டிக் குறி. அதையும் சேர்த்துப் பதிந்தால் பேனல் குழம்பிப்போகும். வேறு வெளிச்சம் குறுக்கிடாமல் இருக்க ட்யூப்லைட்டை அணைத்து ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன்.

ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தபோது ஊதா வெளிச்சம் தெரிந்தது. அண்ணனுக்கு அதில் ஒரே ஆச்சரியம். வீட்டு ரிமோட்டையும் கொண்டுவருகிறாராம்.

ஜூன் 4

ஆம்ப்ளிஃபையர் சண்டித்தனம். மியூட் முதல் அழுத்தலில் கேட்டது, அடுத்ததில் அசையவில்லை. இது பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5 என்ற வேறொரு குறியீட்டு முறை. 14 பிட்டில் மூன்றாவது பிட், பட்டனை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் 0, 1 என்று மாறும். பேனலோ பதிந்த ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. விரலை எடுக்கவே இல்லை என்று ஆம்ப்ளிஃபையர் நினைத்துக்கொள்கிறது. மியூட்டை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிந்து, மாற்றி மாற்றி அனுப்பச் சொன்னேன். சரியாயிற்று.

ஜூன் 6

நாள் முழுக்க ஏசி. ‘குளிரைக் கூட்டு, குறை என்று இரண்டு பட்டன் வைங்க சார்’ என்று ஆபீசில் கேட்டிருந்தார்கள். முடியாது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிவி ரிமோட் மாதிரி ஏசி ரிமோட் ‘ஒரு படி கூட்டு’ என்று சொல்வதில்லை. எந்தப் பட்டனைத் தொட்டாலும் மோடு, வெப்பநிலை, ஃபேன் வேகம் என்று தன் திரையில் இருக்கும் நிலை முழுவதையும் அனுப்பும். அதனால்தான் செய்தியும் நீளம்; டைக்கினின் ஒரு வகையில் 280 பிட். குறுகிய குறிகளை மட்டுமே பதியும் மலிவு பேனல்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வாங்கும்முன் பார்க்க வேண்டியது அதைத்தான், பட்டனின் அழகை இல்லை.

எனவே பட்டனுக்கு ஒரு நிலை: ‘கூல் 24’, ‘கூல் 27’, ‘ஆஃப்’. 24ஐப் பதிய, ரிமோட்டை முதலில் 25க்குக் கொண்டுபோய், பேனல் முன்னால் வைத்து ஒரு படி இறக்க வேண்டும். அப்போதுதான் 24 என்ற நிலை வெளியே வரும். 24 ஏன் என்று கேட்டவருக்கு, 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகளின் இயல்பு அமைப்பே அதுதான் என்றேன். கூட்டம் நிறைந்தால் போதாது என்கிறார். அதுவும் நியாயம்தான். ‘கூல் 22’ சேர்த்தேன்.

ஜூன் 9

புரொஜெக்டர் பவர் பட்டன்தான் மிச்சம். ஆன் செய்ய ஒரு தட்டு. அணைக்க இரண்டு, நடுவே ஒரு செகண்ட் இடைவெளி. மேக்ரோவாக, அதாவது ஒரே பட்டனில் வரிசையாக ஓடும் கட்டளைகளாக, எழுதியாயிற்று. ஆனால் ஐஆர் ஒருவழிப் பாதை. பேனல் சொல்லும், பதில் கேட்காது. மின்சாரம் போய் வந்தபின் பேனல் விளக்கு ‘ஆன்’ என்கிறது, புரொஜெக்டரோ தூங்குகிறது. அப்போது ‘ஆஃப்’ தட்டினால் முதல் தட்டிலேயே எழுந்துகொள்ளும்.

நல்லவேளையாகப் புரொஜெக்டரின் பின்பக்கம் ஆர்எஸ்-232 சாக்கெட் இருக்கிறது; ஒயர் வழியே இரு பக்கமும் பேசும் சீரியல் இணைப்பு அது. பேனலிலும் சீரியல் போர்ட் உண்டு. அதில் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2, 3, 5 என மூன்று பின்னுக்கு ஒயர் போதும். கேசிங்கில் இடம் இருக்கிறதா என்று அண்ணன் நாளை ஏறிப் பார்க்கிறார். ஏசி ஐஆரிலேயே இருக்கட்டும்.