யார் கணக்கை யார் பார்ப்பது

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் மண்டபம் பக்கம் கரையே வேறு மாதிரி இருக்கும். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆண்கள் வலை சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுச் செலவு பெண்கள் தலையில் விழும். கடன் கேட்டு வருகிறவர்கள் கூடுவதும் அப்போதுதான்.

அப்படி ஒரு மே மாதக் காலையில்தான் அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறி நேராக வந்திருந்தார். விரல்களில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. பாறையில் உரசி அது நார் நாராகக் கிழிந்திருந்தது. சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகனுடைய போனை நீட்டினார்.

"தம்பி, இது நம்ம சங்கத்துக் கணக்குதானே? இது எப்படி டீக்கடை வரைக்கும் போச்சு?"

சங்கத்தின் கடன் பட்டியல். பெயர், வாங்கிய தொகை, பாக்கித் தவணை எல்லாம் அதில் இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் வாங்கிய கடன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அன்று காலை டீக்கடையில் தெரிந்துவிட்டது.

சங்கத்துக்கு வலைத்தளம் செய்து கொடுத்தவன் நான். பட்டியல் இருந்த பக்கத்தை நிர்வாகிகள் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தேன். லாகின் செய்யாமல் போனால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். அதையும் சோதித்துப் பார்த்திருந்தேன். ஆனால் நான் பூட்டியது பக்கத்தை மட்டும். பட்டியல் ஒரு பிடிஎஃப் கோப்பு. தளத்தை வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் செய்திருந்தேன். அதில் ஏற்றுகிற கோப்புகள், ஆண்டு, மாதம் என்று பெயர் போட்ட ஃபோல்டர்களில் போய் உட்காரும். அவற்றை யாராவது கேட்டால் சர்வர் நேரடியாக எடுத்துக் கொடுத்துவிடும். கேட்பவர் யார் என்ற கேள்வி வேர்ட்பிரஸ் வரைக்கும் வருவதே இல்லை. யாரோ ஒரு நிர்வாகி அந்தக் கோப்பின் லிங்க்கை நல்ல எண்ணத்தோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருக்கிறேன். அந்த அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? "தப்பு என் மேலதான்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "சரி, மத்தவங்க பேரையாச்சும் எடுத்துரு" என்றார்.

அன்றே கோப்பை நீக்கினேன். அதன் பிறகு கடன் சம்பந்தமான எந்தக் கோப்பையும் இணையத்திலிருந்து நேராகத் தொட முடிகிற ஃபோல்டரில் வைப்பதில்லை. அதற்கு வெளியே வைத்து, கேட்பவரின் அனுமதியை ஒரு நிரல் சரிபார்த்த பிறகே திறக்கும்படி மாற்றினேன். மெனுவில் மறைத்தால் போதும் என்று நினைத்த இடங்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். மெனுவில் இல்லாத பக்கம் தளத்தின் தேடலில் வந்தது. வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பிலிருந்து, பதிவுகளின் விவரத்தை மற்ற நிரல்களுக்குத் தருகிற ரெஸ்ட் ஏபிஐ என்கிற இன்னொரு வழி உண்டு. பக்கங்களைப் பூட்ட நான் போட்டிருந்த பிளகின் என்கிற துணை நிரல் அதை மூடவே இல்லை. தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் நகலை எடுத்து வைக்கிற கேஷ் (cache) வேறு. லாகின் செய்தவருக்காகத் தயாரான பக்கத்தைச் சேமித்து, அடுத்து வருகிற யாருக்கோ காட்டிவிடக் கூடும். மறைப்பது வேறு, பூட்டுவது வேறு என்பது எனக்கு அந்த வாரத்தில்தான் உறைத்தது. 2021-ல், இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு வெளியிட்ட பத்து பெரிய பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் முதலிடம் இந்த அனுமதிக் குறைக்குத்தான். அதை முன்பே படித்திருந்தேன். படித்தது கைக்கு வந்திருக்கவில்லை.

இதெல்லாம் நுட்பச் சிக்கல், சரிசெய்துவிடலாம். அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தபோது நான் கேட்டது நிர்வாகிகளிடம் மட்டும். பட்டியலில் பெயர் இருப்பவர்களிடம் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பனையோலைக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்தோம். இருபது பேருக்கு மேல் இருக்கும், பெரும்பாலும் பெண்கள். ஒரு சார்ட்டில் கட்டம் போட்டேன். இடது பக்கம் சேமிப்பு, கடன், பாசி எடை, விலை என்று விவரங்கள். மேலே உறுப்பினர், குழுத்தலைவி, கணக்கர், செயலாளர். எந்தக் கட்டத்தில் டிக் போடலாம் என்று கேட்டேன்.

செயலாளர் முதலில் சொன்னார், "எனக்கு எல்லாத்துலயும் போட்டுருப்பா. நான் செயலாளர்ல?"

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார், "அண்ணே, நீங்க செக்குல கையெழுத்துப் போடுறீங்க. அதுக்கு மொத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும்ல? யாரு எத்தன தவண பாக்கின்னு உங்களுக்கு எதுக்குண்ணே?"

கொட்டகையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. செயலாளர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, "சரிதான் ஆத்தா" என்றார். நான் அவருடைய கட்டத்தில் இருந்த டிக்கை அழித்தேன்.

நான் வருடக்கணக்கில் செய்த வேலையை அந்த ஒரு கேள்வி புரட்டிப்போட்டது. வேர்ட்பிரஸே இதே வழியில் நடந்து வந்ததுதான். ஆரம்பத்தில் அதில் பயனர்களுக்கு 0 முதல் 10 வரை நிலைகள் இருந்தன. எண் ஏற ஏற அதிகாரம் ஏறும், ஒரு படிக்கட்டு மாதிரி. 2005-ல் வந்த 2.0 பதிப்பில்தான் பொறுப்புகளும், அந்தப் பொறுப்பால் செய்ய முடிகிற காரியங்களும் தனித்தனியாக வந்தன. படிக்கட்டு போய்ச் சாவிக்கொத்து வந்தது. இருந்தும் அட்மின், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்ற ஐந்து பொறுப்புகளையும் நான் படிக்கட்டாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பதவி என்றால் பெரிய பார்வை என்று.

இன்னொன்றும் அன்று தெளிந்தது. உறுப்பினர் கடன் கணக்கைப் பார்க்கலாம் என்றால், யாருடைய கணக்கை? பொறுப்பு என்பது எந்த அறைக்குள் போகலாம் என்று மட்டுமே சொல்லும். உள்ளே எந்தப் பெட்டி யாருடையது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய தளத்தில் ஒரு உறுப்பினர் லாகின் செய்து, முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு வந்திருக்கும். யாரும் மாற்றிப் பார்க்காதது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி: இவருக்கு இந்தப் பக்கம் உண்டா, இந்தக் கணக்கு இவருடையதா அல்லது இவர் குழுவில் உள்ளவருடையதா.

படிவத்தில் "எடுத்த இடம்" என்று ஒரு கட்டமும் வைத்திருந்தேன். நல்ல பாசி எங்கே விளைகிறது என்பது அந்தப் பெண்கள் தாயிடமிருந்து கற்ற அறிவு. "அத யாரு பாக்கலாம்?" என்று கேட்டேன். "அத எதுக்குத் தம்பி எழுதணும்?" என்று திருப்பிக் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. கட்டத்தையே எடுத்துவிட்டேன்.

போன் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. பல வீடுகளில் ஒரே போன்தான். பகலில் மகனிடம், ராத்திரி வீட்டுக்காரரிடம். வேர்ட்பிரஸில் லாகின் செய்தால் சாதாரணமாக இரண்டு நாள் நிற்கும், நினைவில் வைத்துக்கொள் என்று டிக் செய்தால் 14 நாள். சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வசதி, இந்த வீடுகளில் அது ஆபத்து. பத்து நிமிடத்தில் தானாக வெளியேறும்படி வைத்தேன். பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் "மூடு" என்று ஒரு பொத்தானும் வைத்தேன்.

இப்போது எந்த மாற்றம் செய்தாலும் ஒவ்வொரு பொறுப்பிலும் லாகின் செய்து பார்க்கிறேன். கடைசியாக லாகின் எதுவும் இல்லாமல், பழைய லிங்க்குகளைக் கையால் போட்டுப் பார்க்கிறேன். அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்பதில்லை.

போன மாதம் ஒரு குழுவுக்குத் தலைவி மாறினார். பழைய தலைவி அந்த மே மாதக் காலையில் வந்த அக்காதான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரைத்தான் குழு தேர்ந்தெடுத்திருந்தது. புதியவருக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, இவருடையதை நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டிருந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"தம்பி, இன்னும் எல்லாரு கணக்கும் எனக்குத் தெரியுது. எடுக்கலையா?"

"இதோ எடுத்துடுறேன்க்கா."

"இப்பவே எடு. நான் லைன்லயே இருக்கேன்."

எடுத்தேன். அவர் மறுபடி திறந்து பார்க்கும் வரை காத்திருந்தேன். பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"ம்... இப்ப என்னது மட்டும்தான் வருது," என்றார். போனை வைத்துவிட்டார்.