பதட்டத்துக்கு ஆன்லைன்ல தெரபி எடுத்துக்கிட்டேன்

கோவில்பட்டி மாதிரி ஊர்ல இருந்துகிட்டு மனநல டாக்டரப் பாக்கப் போனா அது ஊருக்கே தெரிஞ்சிரும். க்ளினிக் வாசல்ல செருப்பக் கழட்டும்போதே "என்னக்கா, இங்க யாருக்கு?"ன்னு கேக்க ஒரு தெரிஞ்ச முகம் நிக்கும். காசு, நேரம் எல்லாத்தையும் விட இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ பொம்பளைங்க உள்ளுக்குள்ளயே வச்சிகிட்டுக் கெடக்காங்க. போன்லயே தெரபி எடுக்கலாம்னு ஆனது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு யாராவது எழுதணும்னு தோணுச்சு, அதான் நானே எழுதுறேன்.

அப்பா தவறுனதுக்கு அப்புறம்தான் எனக்கு இது ஆரம்பிச்சது. ராத்திரி போன் அடிச்சா போதும், எடுக்குறதுக்கு முன்னாடியே நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை ஜில்லுன்னு ஆயிரும், வயித்தக் கலக்கும். அப்புறம் பஸ்ல ஏறுனா மூச்சு முட்ட ஆரம்பிச்சது, நடுவழில எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பா, புள்ளைய ஸ்கூல்ல இருந்து யாரு கூப்புடுவா, இப்படி ஒண்ணு மேல ஒண்ணா ஓடும். ஈசிஜி எடுத்தாச்சு, எக்கோ எடுத்தாச்சு, எல்லாம் நார்மல், கேஸ் ட்ரபிளா இருக்கும்னு மாத்திரை குடுத்து அனுப்புனாங்க. அம்மா வந்து "என்னட்டி பண்ணுது ஒனக்கு, கண்ணு பட்டிருக்கும்"னு திருநீறு மந்திரிச்சுப் பூசிவிட்டாங்க. அம்மா கை நெத்தியில பட்டப்ப நெஜமாவே கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி ஆனா திரும்ப அதேதான்.

ஹோலிஸ்டிக் தெரபின்னு சொல்றாங்கல்ல, உடம்பு, சாப்பாடு, தூக்கம், மூச்சு, மனசு எல்லாத்தையும் சேத்துப் பாக்குறது, அப்படிப் பாக்குற ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடம் கெடச்சாங்க. மொத செஷன்ல அழுது எல்லாத்தையும் கொட்டணும் போலன்னு நெனச்சு உக்காந்தேன், அவங்க கேட்டதெல்லாம் வேற. எத்தன மணிக்குத் தூங்குறீங்க, ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்கிறீங்க, மத்தியானம் சாப்புடுறீங்களா இல்ல புள்ளைக்குக் குடுத்துட்டு மிச்சத்த வாயில போட்டுக்கிறீங்களா, பீரியட்ஸ்ல ரத்தம் ரொம்பப் போகுதான்னு. தைராய்டும் ஹீமோகுளோபினும் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்னாங்க. தைராய்டு சரியா இருந்துச்சு, ரத்தம்தான் ரொம்பக் கம்மி. ரத்தம் கம்மியா இருந்தாலும் படபடப்பு வரும், மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி நம்ம நாட்டுல 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கு, பாதிக்கு மேல! அப்ப பயம், டென்ஷன்னு சொல்லிட்டு வர்ற எத்தன பேருக்கு இந்த டெஸ்ட எடுத்துப் பாத்திருப்பாங்கன்னு நெனச்சா எனக்குக் கோவமா வருது.

இரும்புச்சத்து மாத்திரை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஆரம்பிச்சேன், சாயங்காலம் குடிக்கிற டீயையும் நிறுத்துனேன். அதுலயே உடம்பு கொஞ்சம் தெளிஞ்சது. ஆனா பயம் அதுவா போகல, அதுக்குத் தனியா வேல செய்ய வேண்டியிருந்துச்சு.

செஷன் எல்லாம் மொட்டை மாடியில, தண்ணி டேங்க் நிழல்லதான். அங்கதான் சிக்னலும் நல்லா வரும், அத்தை காதுலயும் விழாது. ஒரு நாள் மேடம் போன டேங்க் தொட்டி மேல சாச்சு வைங்க, நீங்க பக்கவாட்டுல திரும்பி உக்காருங்கன்னாங்க. ஒரு நிமிஷம் நான் மூச்சு விடுறத சும்மா பாத்துட்டு, "உங்க தோள் ரெண்டும் மேல ஏறி ஏறி எறங்குது பாருங்க, வயிறு அசையவே இல்ல"ன்னாங்க. எத்தனையோ வருஷமா நான் நெஞ்சாலதான் மூச்சு விட்டுகிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியாது. வயித்து மேல ஒரு கை வச்சு, நாலு எண்ணுற வரைக்கும் இழுத்து, ஆறு எண்ணுற வரைக்கும் மெதுவா விடணும், வெளிய விடுறதுதான் நீளமா இருக்கணும். அப்ப நெஞ்சுத் துடிப்பு தானா மட்டுப்படும்னு சொன்னாங்க. பயத்துல வேக வேகமா மூச்சு விடுறப்ப ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு போறதாலதான் வெரல் மதமதங்குது, தல சுத்துது, மயக்கம் வர்ற மாதிரி இருக்குதுன்னு வெளக்குனாங்க. பேனிக் அட்டாக்னு சொல்ற இந்தத் திடீர்ப் பயம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு எறங்கிரும், அதுக்கு மேல அப்படியே ஏறிகிட்டே இருக்க நம்ம உடம்பால முடியாதாம். ஹார்ட்டு நின்னுரும்னு நெனச்சு நடுங்கிகிட்டு இருந்தவளுக்கு இதக் கேட்டது எப்படி இருந்திருக்கும்!

கவலைப்படுறதுக்குன்னே சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி வைக்கச் சொன்னாங்க. பகல்ல என்ன கவலை வந்தாலும் ஒரு நோட்டுல எழுதி வச்சிட்டு, அஞ்சரை மணிக்குப் பாத்துக்கலாம்னு விட்டுரணும். அஞ்சரைக்கு நோட்ட விரிச்சா பாதிக் கவலை அதுக்குள்ள ஆறிப் போயிருக்கும்.

பஸ் பயத்துக்குப் பண்ணுனதுதான் ஆன்லைன்னால மட்டுமே முடிஞ்ச விஷயம். ஒரு ஏணி மாதிரி படிப்படியா எழுதிகிட்டோம், மொத பஸ் ஸ்டாண்டுல சும்மா உக்காந்துட்டு வர்றது, அப்புறம் நிக்கிற பஸ்ல ஏறி எறங்குறது, அப்புறம் எட்டயபுரம் வரைக்கும், கடைசில மதுரை. மொத வாட்டி எட்டயபுரம் பஸ்ல ஏறுனப்ப மேடம் இயர்போன்ல என் கூடவே இருந்தாங்க. எதுவும் பெருசா பேசல, "இப்ப பயம் பத்துக்கு எத்தன?"ன்னு அப்பப்ப கேப்பாங்க. எட்டுன்னேன். "சரி, எறங்காதீங்க, கண்ணுல என்ன தெரியுது, மூக்குல என்ன வாசன வருது சொல்லுங்க"ன்னாங்க. எங்கயோ கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சுற வாசன ஜன்னல் வழியா வந்துச்சு, அதச் சொன்னேன். ஊரு தாண்டி கரிசக்காடு வந்தப்ப எட்டு அஞ்சாகியிருந்துச்சு. நெருடல் இருந்துச்சு, ஆனா எறங்கல. ஆஸ்பத்திரி ரூம்ல உக்காந்து பேசுற தெரபிஸ்ட்டு பஸ்ஸுக்குள்ள வர முடியுமா?

தூரத்துல இருந்தே ஸ்க்ரீன் வழியா வைத்தியம் பாக்குறது ஒண்ணும் நேத்து வந்த வித்தையும் இல்ல. மனநல டாக்டர் சாரதா மேனன் 1984ல சென்னையில ஆரம்பிச்ச ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்பு, புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸ அனுப்பி, அதுக்குள்ள இருக்குற திரையில சென்னை டாக்டர் கூட பேச வச்சு, மாத்திரையும் அந்த பஸ்லயே குடுத்தாங்க. கையில ஸ்மார்ட்போன் இல்லாத காலத்துலயே.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும். ஹோலிஸ்டிக்னு பேர் போட்டுகிட்டு ஏழே நாள்ல குணம், மாத்திரைய தூக்கிப் போடுங்கன்னு ரீல்ஸ்ல விக்கிறவங்க நெறய பேர் இருக்காங்க. படிப்பு என்ன, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுனா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கான்னு கேளுங்க, கேக்குறதுல வெக்கமே வேண்டாம். தேவப்பட்டா மாத்திரை எழுதுற மனநல டாக்டர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட அனுப்புவீங்களான்னும் கேளுங்க, முகம் சுளிச்சாங்கன்னா அவங்க வேண்டாம். ஏற்கனவே மாத்திரை எடுக்குறவங்க டாக்டரக் கேக்காம திடீர்னு நிறுத்தவே கூடாது. தமிழ்ல பேசுறவங்களாப் பாருங்க, "வயித்தப் பெசையுது"ன்னு சொன்னா அவங்களுக்கு அப்படியே புரியணும்.

ராத்திரி போன் அடிச்சா இன்னும் திடுக்குன்னுதான் இருக்கு, ஆனா எடுத்துப் பேசிர்றேன். ஒரு ராத்திரி தாங்கல, மேடத்த அந்த நேரத்துல கூப்புட முடியாது, 14416க்கு அடிச்சேன். டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு கொண்டு வந்தது, 24 மணி நேரமும் இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். அந்தப் பக்கம் பேசுன பொண்ணு அவசரமே படல, நான் அழுது முடிக்கிற வரைக்கும் லைன்ல இருந்துச்சு. ஃபீஸ் கட்டி தெரபி எடுக்க வசதி இல்லன்னா அங்கருந்தே ஆரம்பிங்க, நம்பர இப்பவே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.