கிளிங்கன் முதல் நிலைத் தேர்வு: குழந்தையை அஃறிணையாக்கித் தோற்ற கதை

நேற்று கிளிங்கன் (‘ஸ்டார் ட்ரெக்’ வேற்றுக்கிரகவாசிகளுக்காக உருவாக்கிய மொழி) தேர்வு ரிசல்ட். பாஸ். இரண்டாவது தடவையில்தான்.

போன தடவை என்னைக் கவிழ்த்தது வினை முன்னொட்டு அட்டவணை இல்லை. எழுவாய் கடைசியில் வந்து நிற்கும் வாக்கிய வரிசையும் இல்லை. அதற்கெல்லாம் எல்லோரும் உருப்போட்டுக்கொண்டுதானே போகிறோம். என்னைக் கவிழ்த்தது ‘புக்’, அதாவது குழந்தை.

எங்கள் வீட்டில் அக்கா குழந்தை ‘அழுகிறது’. நாய்க்கு மட்டும் ‘அவன் சாப்பிட்டானா?’ இந்த வாயோடு போய் உட்கார்ந்தேன். குழந்தைகள் என்று வந்த இடமெல்லாம் கை தானாக ‘புக்மேய்’ என்று எழுதியது. ‘மேய்’ என்பது பேசாதவற்றுக்கான பன்மை விகுதி. பேசும் இனத்தோடு அதை ஒட்டினால் அங்கங்கே சிதறிக் கிடக்கிற குழந்தைகள் என்று ஆகிவிடும். போதாததற்கு ‘என் குழந்தை’க்குப் ‘புக்விஜ்’. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் மட்டம் தட்டுகிற பேச்சு. ‘ஜோஹ்விஜ்’ (என் பிரபு) என்பது சொல்லவே கூடாத சொல்லுக்குப் பக்கத்தில் வரும் என்று இந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் 1985இலேயே தன் அகராதியில் எச்சரித்திருக்கிறார். படித்திருந்தேன். பிரபுவுக்குத்தானே என்று தாண்டிப் போய்விட்டேன்.

தொல்காப்பியம் உயர்திணைக்கு ‘மக்கட் சுட்டே’ என்று கோடு கிழிக்கிறது. கிளிங்கன் கேட்பது ஒன்றுதான்: பேசும் இனமா? இன்னும் வாய் திறக்காத பிள்ளையும் அதில் சேர்த்தி. நாயை எவ்வளவு கொஞ்சினாலும் சேர்க்க முடியாது.

பரீட்சைக்கு முந்தைய இரவு பார்க்க வேண்டியது:

- பேசும் இனம்: பன்மை பு’. ‘என்’ வி’, ‘உன்’ லி’.
- உடலுறுப்பு: பன்மை டு’. ஆனால் ‘என்’ விஜ், ‘உன்’ லிஜ்தான், ஏமாறாதீர்கள்.
- மற்றதெல்லாம்: மேய், விஜ், லிஜ்.
- அவனுடைய (டஜ்), அவர்களுடைய (சஜ்): இரு திணைக்கும் ஒன்றே.
- பெங் (டார்பிடோ) பன்மையில் சா. அதன்மேல் மேய் போடாதீர்கள்.

பன்மை விகுதி கட்டாயமும் இல்லை. நாம் ‘பத்து மாடு’ என்கிற மாதிரி ‘வெஜ் புக்’ என்றாலே மூன்று குழந்தைகள். சந்தேகம் வந்தால் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ‘என்’, ‘உன்’ வந்தால் அந்த வழி கிடையாது.

ஃபிளாஷ் கார்டு எனக்கு ஒத்துவரவில்லை. பத்தாவது அட்டையில் தூக்கம் வந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது பென்சில். கேள்வியைப் படித்ததும், பதில் எழுதுவதற்கு முன், பேசுகிற ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் தலையிலும் ஒரு குட்டி வாய் வரைவேன். கேப்டனுக்கு வாய். கப்பலுக்கு இல்லை. மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

இந்தத் தடவையும் குழந்தை வந்தது. வாயை இரண்டு தரம் அழுத்தி வரைந்தேன்.