விடை தெரியும், வினாதான் புரியவில்லை

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் விடை தெரியாமல் அன்று, வினாவைப் படிக்கத் தெரியாமல்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லித் தருபவள் என்ற முறையில், இதை ஒவ்வொரு காலாண்டுத் தேர்வின்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பாடத்தின் பின்னால் உள்ள எல்லா வினாக்களுக்கும் மூச்சுவிடாமல் விடை ஒப்பித்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், மூன்றாவது வினாவை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் கொஞ்சமும் தயங்காமல் முதல் வினாவுக்கான விடையைப் பிழையின்றி எழுதி நீட்டினாள். அவள் மனப்பாடம் செய்திருந்தது விடைகளின் வரிசையை; வினாவுக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பு உண்டு என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

முதலில் பெற்றோரின் பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில், பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்றுதான் மதிப்பெண் பிரிகிறது. ஆகவே பருவ இறுதியில் எழுதும் ஒரு தாளே எல்லாம் என்று நினைக்க வேண்டியதில்லை. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த, அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தார்கள். உங்கள் குழந்தை அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்தால், 'எத்தனை மார்க்' என்று கேட்பதைவிட, 'இங்கிலீஷில் என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, எதில் தடுமாறுகிறது' என்று ஆசிரியரிடம் கேட்பது பயன் தரும்.

"எனக்கே இங்கிலீஷ் தெரியாதேக்கா, நான் எங்கே சொல்லித் தர்றது?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு நான் முதலில் சொல்வது விரல் சோதனை. குழந்தை ஒரு வரியைப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். குரல் முடியும் இடத்தில் விரலும் முடிந்தால் பிள்ளை படிக்கிறது. குரல் முடிந்த பிறகும் இரண்டு சொற்கள் மிச்சம் இருந்தாலோ, விரல் முன்னே ஓடிவிட்டாலோ, அது மனப்பாடம். அடுத்து அதே வரியின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த குழந்தை வரியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

படிக்கப் பழகுவதற்கு வடசென்னையில் பலகைகளுக்குப் பஞ்சம் இல்லை. தங்கசாலைப் பகுதியைக் குறிக்கும் 'மிண்ட்' என்ற பெயரில் எம், ஐ, என், டி நான்குமே தத்தம் ஒலியை ஒழுங்காகத் தருகின்றன. எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. அடுத்ததாக, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகும்போது டோல்கேட் மெட்ரோ நிலையத்தின் பெயரைக் காட்டுவேன். 'கேட்' என்பதன் கடைசியில் நிற்கும் 'ஈ' என்ற எழுத்து வாயே திறப்பதில்லை. ஆனால் அது நிற்பதால்தான் உள்ளே இருக்கும் ஏ தன் பெயரையே நீட்டிச் சொல்கிறது. நேம், கேம், லேக், கேக் எல்லாம் இதே கணக்குத்தான் என்று சொன்னால், பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் அந்த ஊமை எழுத்தை வேட்டையாடத் தொடங்கிவிடுகிறார்கள். பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் போன்ற பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கும் ஆங்கிலத்தை மட்டும் எந்த வகுப்புக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சொல்வதை எழுதும் பகுதியில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கடற்கரை ரயில் நிலையத்தைக் குறிக்கும் 'பீச்' என்ற சொல்லையும் பழத்தைக் குறிக்கும் 'பீச்' என்ற சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ப-தான். ஆனால் அந்த இரண்டு ஒலிகளுமே குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு 'பல்' என்று சொல்லச் சொல்லுங்கள்; பிறகு 'தம்பி' என்று சொல்லச் சொல்லுங்கள். தம்பியில் வரும் பி-யின் அதிர்வுதான் கடற்கரைக்கு உரியது, பல்லில் வரும் ப-வின் ஒலி பழத்துக்கு உரியது. 'கல்', 'தங்கம்' என்ற இரண்டிலும் க வேறுபடுவதையும், 'பட்டம்', 'வண்டி' என்பவற்றில் ட வேறுபடுவதையும் இதே வழியில் காட்டலாம். இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள்: மூன்றாவது வரிக்குப் பிறகு குழந்தை சொல்லை எழுதுவதில்லை, பக்கத்தின் மேலிருந்து கீழாக முதல் எழுத்தை மட்டும் வரிசையாகப் போட்டுவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்தை அதேபோல் போட்டுக்கொண்டு வருகிறது. பக்கம் நிறையும், சொல் மனத்தில் நிற்காது. சொல்லைப் பார், மூடு, எழுது, திறந்து சரிபார் என்று இரண்டு முறை செய்தாலே போதும்.

இனி வினாத்தாளுக்கு வருகிறேன். 'ஹூ' (யார்), 'ஹவ்' (எப்படி, எத்தனை) என்ற இரண்டு வினாச் சொற்களிலும் இருப்பவை அதே மூன்று எழுத்துகள். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அவசரத்தில் பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டு, ஆளின் பெயரைக் கேட்ட இடத்தில் எண்ணிக்கையை எழுதி வைப்பார்கள். அதனால் பென்சிலை எடுப்பதற்கு முன், 'இதற்கு விடை ஓர் ஆளா, இடமா, நேரமா, காரணமா?' என்று தமிழிலேயே சொல்ல வைக்கிறேன். அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, ஏனென்றால் விடையின் மற்ற சொற்கள் வினாவிலேயே கிடக்கின்றன. 'வேர் டஸ் த கேட் ஸ்லீப்' (பூனை எங்கே தூங்குகிறது) என்று கேட்டால் 'த கேட் ஸ்லீப்ஸ்' என்று தொடங்க வேண்டும். அந்த 'டஸ்' விலகும்போது தன் எஸ்-ஐ வினைச்சொல்லிடம் கொடுத்துவிட்டுப் போகிறது என்று சொல்லித் தந்தால் 'த கேட் டஸ் ஸ்லீப்' என்று எழுதுவது நின்றுவிடும்.

கலைந்த சொற்களை வாக்கியமாக அடுக்கும் பகுதியில் தமிழ் குறுக்கே வந்து நிற்கும். 'ரவி மாம்பழம் தின்கிறான்' என்று வினையை இறுதியில் வைத்தே பழகிய பிள்ளை, 'ரவி எ மேங்கோ ஈட்ஸ்' என்று எழுதுவதில் வியப்பு இல்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லை முதலில் வை, முற்றுப்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும் சொல்லைக் கடைசியில் வை, செய்தவரை அடுத்து உடனே செயலை வை என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு புதிதாக எதையும் தொட வேண்டாம். பென்சிலைச் சீவி வைத்துவிட்டுத் தூங்கட்டும். திருத்திய விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும், மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு, குழந்தை ஒன்றும் எழுதாமல் விட்ட வினாக்களைப் பாருங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கத் தெரிந்து விடை தெரியாமல் போனால் பாடத்தைத் திரும்பப் படிக்கட்டும். வினாவையே படிக்கத் திணறினால், அரையாண்டுத் தேர்வு வரை தினமும் கொஞ்ச நேரம் விரல் வைத்துச் சத்தமாகப் படிப்பது மட்டும் போதும். கைடு வாங்க வேண்டாம்.